லோஹேகாவில் சத்யநாராயண பூஜை

குளியலறைக் குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் நின்றுகொண்டு அச்சுதன் போனில் கிசுகிசுத்தான்.

"எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

"பன்னெண்டரைக்குள்ள எடுத்தாகணும்டா. அதுக்கப்புறம் நேரம் சரியில்லைன்னுட்டாங்க" என்றான் புனேயின் மறுமூலையான லோஹேகாவிலிருந்து சுனில். "மாமா வந்து கோடி போடாம எடுக்க முடியாது. எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துடு."

சுனிலின் அம்மா தர்மாம்பாள், அச்சுதனின் ஒரே அத்தை, விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். எண்பத்தொரு வயது. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வரவேண்டும். உடன்பிறந்தவன் தன் கையால் அதைப் போர்த்த வேண்டும். அதுவரை உடலை யாரும் தூக்கமாட்டார்கள். அத்தைக்கு உடன்பிறந்தவர் என்று மிச்சமிருப்பது அச்சுதனின் அப்பா ஸ்வாமிநாதன் ஒருவர்தான்.

சிக்கலே அங்கேதான். ஸ்வாமிநாதனுக்கு எழுபத்தெட்டு வயது, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். அதிர்ச்சியான செய்தி எதுவும் இவர் காதில் விழக்கூடாது என்று போன மாதம்தான் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மா விசாலத்துக்குச் சர்க்கரை, மூட்டுவலி, போதாததற்கு எதைக் கேட்டாலும் தலைசுற்றல். மனைவி அம்ருதா ஆபீஸ் வேலையாகச் சென்னை போயிருந்தாள். ஆக, மொத்தமும் அச்சுதன் தலையில்.

கண்ணாடியைப் பார்த்து அவன் ஒரு முடிவுக்கு வந்தான். அப்பா இன்றைக்குக் கோடி போடுவார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. அத்தை வீட்டு வாசல்வரை செய்தி வெளியே வரக்கூடாது. வாசலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மாத்திரையைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஹிஞ்சேவாடி ஆபீஸில் நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிறவனுக்கு இந்த இரண்டு பேரைச் சமாளிப்பதா பெரிய காரியம்?

கல்லூரி நாலு வருஷமும் அவன் அத்தை வீட்டில் தங்கித்தான் படித்தான். உட்கார்ந்து அழ வேண்டும்போல அவனுக்கும் இருந்தது. அதற்கு இப்போது நேரமில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான்.

அப்பாவும் அம்மாவும் ஹாலில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா, அத்தை வீட்ல இன்னைக்கு சத்யநாராயண பூஜையாம். சுனில் கூப்பிட்டான். நாம மூணு பேரும் கண்டிப்பா வரணுமாம்."

புனேயில் பொய் சொல்ல இதைவிட வசதியான பூஜை கிடையாது. எந்தக் கிழமையிலும், எந்தக் காரணத்துக்கும், யார் வீட்டிலாவது அது நடந்துகொண்டேதான் இருக்கும்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போலாமே" என்றார் பிறகு. "ஆனா வெறுங்கையோட போகக்கூடாது. அக்காவுக்கு ஒரு சேலை எடுத்துக்கலாம்."

அச்சுதனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சந்தேகம் வராமல் கோடிச் சேலை வாங்குவது எப்படி என்றுதான் அவன் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல ரெண்டு பேரும் சாப்புடுங்க" என்று அம்மா எழுந்தாள். "பூஜை வீட்ல சாப்பாட்டுக்கு எந்நேரமாகுமோ என்னமோ."

"எனக்குப் பசிக்கலைம்மா."

"பசிக்காட்டிப் பரவால்ல. சாப்புடு கண்ணு."

ஆறு இட்லி உள்ளே போனபிறகுதான் அவனை விட்டாள்.

அடுத்த ஆபத்து போன். கோயம்புத்தூர் சொந்தக்காரர் யாராவது துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டால் கதை கந்தலாகிவிடும்.

"அப்பா, உங்க போனைக் குடுங்க. சார்ஜ் போட்டு வெக்கறேன்."

"அதைக் காலைலயே உங்கம்மா வாங்கிட்டாளேடா."

"சூடாகுதுன்னு ஆஃப் பண்ணி பீரோல வெச்சுட்டேன். என்னுதும் அங்கதான் இருக்குது" என்றாள் அம்மா.

விஷயம் இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று அச்சுதன் மூச்சு விடுவதற்குள் அப்பா கையை நீட்டினார்.

"உன் போனை இங்க குடு. வண்டில ஏறுனா ஆபீஸ் பேச்சுத்தான். உனக்கு பீபி நூத்தி அறுபது இருக்குது, ஞாபகம் இருக்கட்டும்."

"அப்பா, அவசரத்துக்கு ஒரு போனாவது..."

"பூஜைக்குப் போறதுக்கு என்னடா அவசரம்?"

மறுத்தால் சந்தேகம் வரும். கொடுத்தான். அப்பா அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வழியில் தாமதமானால் சுனிலுக்குச் சொல்லவும் இனி வழியில்லை. டிரைவர் போனை வாங்கிப் பேசலாம் என்றால், சுனிலின் நம்பர் யாருக்கு மனப்பாடம்?

கீழே வாடகைக் காருடன் பாலாசாஹேப் காத்திருந்தார். வழக்கமாக வருகிறவர், வாய் ஓயாத மனிதர். அச்சுதன் முன்னால் ஓடிப்போய் அவர் காதில் ஹிந்தியில் ஓதினான்.

"போறது சாவு வீட்டுக்கு. அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. தெரிஞ்சா தாங்கமாட்டாங்க. ஒரு வார்த்தை வெளிய வரக்கூடாது. எப்பவும்போல பாட்டுப் போட்டு ஜாலியா ஓட்டுங்க."

"கவலையே படாதீங்க சாஹேப்" என்று பாலாசாஹேப் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

வாகட் பாலத்தில் நாற்பது நிமிஷம் போயிற்று. ஔந்தில் ஒரு சேலைக்கடை முன்னால் நிறுத்தினார்கள். அப்பா வண்டியிலேயே இருந்துகொண்டார். அச்சுதன் அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனான். அத்தையின் கணவர் இருக்கிறார். ஆகவே மங்கலமான சிவப்புதான் வேண்டும். அம்மாவைச் சிவப்பு எடுக்க வைப்பதற்கு அவன் ஒரு காரணம் யோசித்துக்கொண்டிருந்தபோதே, அம்மா அலமாரியில் இருந்த சிவப்புப் பட்டைக் காட்டி, "அதைக் கட்டிக் குடுங்க" என்றாள். பார்டரைப் பார்க்கவில்லை. பேரம் பேசவில்லை. அடுத்த கடை என்ற பேச்சே இல்லை.

"மஞ்சள், குங்குமம், பூவும் வாங்கிக்க கண்ணு. சாமி காரியம்."

எல்லாம் நம் பக்கம்தான் இருக்கிறது என்று அச்சுதன் நினைத்துக்கொண்டான்.

திரும்பி வந்தால் வண்டியில் பாட்டு நின்றிருந்தது. பாலாசாஹேப் முகம் தொங்கிப் போயிருந்தது. அச்சுதன் கண்ணால் ஜாடை காட்டினான். அவர் அவசரமாகக் கையை நீட்டிப் பாட்டைப் போட்டார், பின்னால் அப்பா இருமினார், உடனே அணைத்தார்.

"பாடட்டுமே" என்றான் அச்சுதன்.

"பாடட்டும், பாடட்டும்" என்றார் அப்பா.

மறுபடி போட்டார். கல்யாணப் பாட்டாக வந்து தொலைத்தது. மூன்று பேரும் தாளம் போட்டார்கள்.

கட்கி தாண்டுவதற்குள் அப்பாவின் நீர் மாத்திரை வேலையைக் காட்டியது. ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, அச்சுதன் அப்பாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனான். அம்மா வண்டியில் இருந்தாள். அப்பா உள்ளே போய்ப் பத்து நிமிஷம் வரவில்லை. அச்சுதன் கதவைத் தட்டினான். கண் சிவக்க வெளியே வந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"இந்த ஊர்ப் புழுதி இருக்குதே, சனியன்" என்று துண்டால் துடைத்துக்கொண்டார். "நீ பீபி மாத்திரை போட்டயா?"

"போட்டாச்சு. உங்களுக்கு நெஞ்சு வலி கிலி இல்லையே?"

"எனக்கென்னடா. நீ மெதுவா நட."

வண்டிக்கு வந்தால் பாலாசாஹேப் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தார். காய்கறிக்காரர்களுக்கு மட்டுமே புரியும் தன் ஹிந்தியில் அம்மா அவருக்கு ஏதோ சொல்லி முடித்திருந்தாள். அவர் கண்ணாடியில் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டியைக் கிளப்பும்போது இரண்டு தடவை இஞ்சின் நின்றுபோனது.

மணி பதினொன்றரை. இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தியை இறக்க வேண்டும் என்று அச்சுதன் தீர்மானித்தான். விஷ்ராந்த்வாடி சிக்னலில் தொண்டையைச் செருமினான்.

"அப்பா, அத்தைக்கு நாலு நாளா உடம்பு அவ்வளவா சரியில்லையாம்."

"வயசாச்சில்ல" என்றார் அப்பா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "எல்லாருக்கும் வர்றதுதான். நீ மனசைப் போட்டு ஒளப்பிக்காதே."

"ஏனுங்க, எதுக்கு இப்ப அந்தப் பேச்செல்லாம்?" என்று அம்மா குறுக்கே புகுந்தாள். அவர் வாயில் ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டைத் திணித்தாள். இன்னொன்றை அச்சுதன் வாயிலும் திணித்தாள். அத்தோடு அந்த முயற்சி முடிந்தது.

தானோரியில் ஒரு லாரி குறுக்கே நின்றிருந்தது. அச்சுதனே இறங்கி, கத்தி, கையை ஆட்டி, இரண்டு ஸ்கூட்டர்களை நகர்த்தி வழி பண்ணினான். அத்தையின் முகத்தை அப்பா பார்க்காமல் போகக்கூடாது. அந்த ஒன்றைத் தவிர அவனுக்கு இப்போது வேறெதுவும் தெரியவில்லை.

பன்னிரண்டே காலுக்கு அத்தை வீட்டுத் தெருமுனையில் வண்டி நின்றது. கால்மணி நேரம் இருந்தது. வாசலில் பந்தல். சட்டையில்லாமல் துண்டு போர்த்திய ஆண்கள். பூச்சரம் சுற்றிய வெள்ளை வேன் ஒன்று, பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது.

யாரும் இறங்கவில்லை.

"பந்தல் பெருசாத்தான் போட்டிருக்கறாங்க" என்றார் அப்பா.

"ஒறம்பரைச் சனமும் நெறைய" என்றாள் அம்மா.

"வேன்ல பூஜை சாமான் வந்திருக்கும்போல" என்றான் அச்சுதன். சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

அப்பா சேலைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்கெல்லாம் நேரமில்லை, இங்கேயே சொல்லிவிட வேண்டியதுதான். அச்சுதன் ஒரு கையில் மாத்திரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினான். அப்பாவின் கை முன்னால் வந்து அவன் தோளைப் பிடித்தது. அம்மா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருவரையும் பார்த்தாள். மூன்று பேரும் வாயைத் திறந்தார்கள்.

பாலாசாஹேப் இஞ்சினை அணைத்தார். சீட்டில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிக்கணும் சாஹேப். மத்த ரெண்டு பேருக்கும் தெரியாது, தெரிஞ்சா தாங்கமாட்டாங்க, வாயைத் தொறக்காதேன்னு காலைல நீங்க சொன்னீங்க. சேலைக்கடை வாசல்ல பெரியவரும் அதையேதான் சொன்னார். பெட்ரோல் பங்க்ல அம்மாவும் அதையே சொல்லிட்டாங்க. இப்ப நான் யாருக்குத் தெரியாம மறைக்கணும்?"