பெயரில்லாத நிறம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே உங்கள் மகளும் என் மகனும் சுகம், சாயப்பட்டறைதான் படுத்துவிட்டது. குழப்பாமல் எழுத வேண்டுமென்று முதலில் வரிசைப்படுத்திக்கொண்டேன்:

1. புதிய கழிவுநீர்ச் சட்டம்.
2. மகனின் கண்டுபிடிப்பு.
3. அந்தத் துணியை உலகில் ஒருவரும் வாங்கமாட்டார் என்பது.
4. ஒரு வேண்டுகோள்.

வெளியே விடும் தண்ணீரைப் பாதியாகக் குறைக்காவிட்டால் கதவுக்குச் சீல் என்று எல்லாத் தொழிலுக்கும் ஒரே உத்தரவு வந்ததல்லவா? உங்கள் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீரை ஒரு குழாய் போட்டுத் தொட்டிக்கே திருப்பினீர்கள். பசுமைப் புதுமை என்று கேடயம் கொடுத்தார்கள். பொறாமையில் சொல்லவில்லை (கொஞ்சம் இருக்கலாம்). எங்கள் தண்ணீரோ நேற்றைய சிவப்போடு அல்லவா திரும்புகிறது! அதிகாரியிடம் பணிவாகச் சொன்னேன். "ஐயா, அவங்க ஒரே குழாயில முடிச்சுட்டாங்க, நீங்க ஏன் இழுத்தடிக்கிறீங்க?" என்றார். சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கப் பட்டறையை இரண்டு முறை விற்க வேண்டும், ஆகவே மகன் தானே யோசித்து, முதலில் மஞ்சள், அதே தண்ணீரில் சிவப்பு, பிறகு நீலம், கடைசியில் கறுப்பு என்று துணிகளை அலசினான், நன்றாகத்தான் போனது, தண்ணீரும் பாதியானது, நடுவில் ஆஸ்பத்திரித் திரைக்கு இளஞ்சிவப்பில் அவசர ஆர்டர் வந்து தொலைக்க, "தண்ணிய மாத்தினா அளவு தாண்டிடும்ப்பா" என்று அதையும் நீலத்துக்குப் பின்னால் முக்கிவிட்டான். வெளியே வந்த நிறத்துக்கு நான் படித்த படிப்பில் பெயரில்லை. "மாமா, இத மாட்டினா நோயாளிங்க தானா எழுந்து வீட்டுக்கு ஓடிடுவாங்க" என்றாள் உங்கள் மகள். சிரித்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து லாரி அத்தனை துணியோடும் திரும்பி வந்த பிறகு யாரும் சிரிக்கலை. அதிகாரி வந்து தண்ணீரை அளந்து பாராட்டினார். துணியைப் பார்க்க அவருக்கு உத்தரவில்லையாம். சட்டத்துக்குப் பொருந்திய பட்டறை, சம்பளம் கொடுக்க முடியாத பட்டறை, ரெண்டும் ஒண்ணாவே நிக்குது. என்ன பண்றதுன்னே தெரியலை சம்பந்தி.

மகனுக்கு உங்களிடம் ஒரு வேலை கிடைக்குமா? ஐஸுக்கு நிறமில்லை; அதை அவனால் கெடுக்க முடியாதென்று நம்புகிறேன். அவனுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

உங்கள் இயந்திரம் நிற்காமல் ஓடட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

பணிவுடன்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் சோபா வியாபாரி ஒருவர் வந்து அந்தத் துணியைத் தடவித் தடவிப் பார்த்தார். "இந்தக் கலர் எங்கயுமே கிடைக்கலை சார். மூணு லாரி வேணும், துளி மாறக்கூடாது." மகன் துள்ளிக்கொண்டு ஒப்புக்கொண்டான். இப்போது தொட்டியையே வெறித்துக்கொண்டு நிற்கிறான். எது எவ்வளவு கலந்து அந்த நிறம் வந்ததென்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆகவே நான்காவது அப்படியே இருக்கட்டும். மூன்றாவது மட்டும் தவறு.