டேப்பு மாமாவும் ஆறு மில்லிமீட்டரும்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலேயே டேப்பு மாமாவின் அளவுக்குத் தப்பியவை இரண்டுதான். ஒன்று மலைக்கோட்டை, இன்னொன்று மாமி. மலைக்கோட்டைக்கு டேப்பு எட்டாது. மாமிக்கு எதிரில் மாமா டேப்பை இடுப்பிலிருந்து எடுக்கவே மாட்டார்.

எண்பதுகளின் நடுவில் அரியமங்கலத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. வெட்டி வரும் தகடுகளை அளந்து 'சரி' சொல்லுகிற வேலை மாமாவுக்கு. தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறுவார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் ஒரு நாள் என்னெதிரிலேயே தோசைக்கு டேப்பு வைத்தார்.

"ஏம்ப்பா, நேத்திக்கு இதைவிட அரை இன்ச் பெரிசா இருந்துதே?"

"நேத்து வேற மாஸ்டர், சாமி."

"அப்படிச் சொல்லு" என்று நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார். பெரிய தோசையெல்லாம் அவருக்கு வேண்டாம், காரணம் தெரிந்தால் போதும்.

மகளைப் பெண் பார்க்க வந்த பையனையும் விடவில்லை. ஜாதகத்தோடு சொல்லியனுப்பிய உயரத்தைச் சரிபார்க்க, சொஜ்ஜி பஜ்ஜிக்கு நடுவில் அவனைச் சுவரோரம் நிறுத்திவிட்டார். மாமி உள்ளே தலையில் அடித்துக்கொண்டார். "கால் இன்ச் குறையறது. பரவாயில்லை, டாலரன்ஸுக்குள்ளதான் இருக்கு" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். தகட்டில் இவ்வளவு வரை கூடலாம், குறையலாம் என்று விட்டுக்கொடுப்பதற்குப் பட்டறையில் அதுதான் பெயர். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

இந்த நிலையில்தான் எங்கள் முதலாளி அந்தோணி பாலக்கரை வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைத்து கம்ப்யூட்டர் வாங்கினார். பட்டறையில் கிடந்த, நெருப்பால் தகடு வெட்டுகிற பழைய கேஸ் கட்டிங் மேசையில் அதைப் பொருத்த மெட்ராஸிலிருந்து ஓர் என்ஜினீயர் வந்தார். மேசையின் ஓரத்தில் நீளமான இரும்புப் பட்டை. அதன்மேல் ஒரு சின்னப் பித்தளைச் சக்கரம் உருளும். சக்கரம் சுற்றுகிற சுற்றை எண்ணித்தான் கம்ப்யூட்டர் நீளத்தைக் கணக்குப் பண்ணும். அகலத்துக்கு இன்னொரு சக்கரம், நெருப்பு வருகிற இடத்துக்குப் பக்கத்தில், கை எட்டாத உயரத்தில்.

முதலாளி பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்தார். ஆயுத பூஜைக்கு மாமா சந்தனப் பொட்டு வைத்தார். அதோடு விடாமல் வெள்ளிக்கிழமைதோறும் கிண்ணத்தோடு வர ஆரம்பித்தார். இரண்டு பக்கத்து ஆசீர்வாதமும் கிடைத்த மெஷின் தகட்டை வெண்ணெய் மாதிரி வெட்டியது.

தை பிறந்தது, வம்பும் பிறந்தது. ஒரு மீட்டர் தகடு ஆறு மில்லிமீட்டர் கூடி வந்தது. கம்ப்யூட்டர் அளந்தால் போதும் என்று மாமாவிடம் காட்டாமலே அனுப்பிய ஒரு லோடு திரும்பி வந்துவிட்டது. "இன்னொரு தடவை அளவு தப்பினால் ஆர்டர் ரத்து" என்று தகடு வாங்குகிற கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை அடுத்த லாரி. முதலாளி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனார்.

என்ஜினீயர் வியாழக்கிழமை மறுபடி வந்தார். வந்ததும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"உங்க டேப்பு பழசாச்சே சார், அதுல தப்பு இருக்கலாம்."

பட்டறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாமா என்ஜினீயரின் புது டேப்பை வாங்கி அளந்து காட்டினார். அதே ஆறு.

"அகலம் சரியா இருக்கு. நீளம் மட்டும் ஏன் கூடுது?" என்று என்ஜினீயர் தலையைப் பிய்த்துக்கொண்டார். புரோகிராமைப் பார்த்தார், மோட்டாரைக் கழற்றினார், எல்லா போல்ட்டையும் முடுக்கினார். ஆறு அசையவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாமா வழக்கம்போலக் கிண்ணத்தோடு வந்தார். மேசைக்கு ஒரு பொட்டு, கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு. பிறகு பித்தளைச் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, "பாவம், உனக்குன்னா கெட்ட பேரு" என்று கொஞ்சிக்கொண்டே, அதைச் சுற்றி வழித்து வழித்துப் பூசினார்.

எழுந்து நின்ற என்ஜினீயர் கையிலிருந்து ஸ்பானர் விழுந்தது. "மாமா, என்ன பண்றீங்க?"

"அளக்கறவன் இவன்தானே? என் உத்தியோகம் பாக்கறவன். இவனுக்குத்தான் முதல் மரியாதை."

என்ஜினீயர் நகத்தால் சுரண்டினார். எண்ணெயும் தூசியும் சேர்ந்து, வாரத்துக்கு ஒரு பூச்சாகக் காய்ந்த சந்தனம் சிமெண்ட் மாதிரி பெயர்ந்து வந்தது. சக்கரம் பருத்துப்போயிருந்தது. ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் உருண்டுவிட்டு, பழைய கணக்கையே கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "அந்தோணி, இனிமே நான் அளக்கப்படாது."

அவர் இடுப்பை அப்படி வெறுமையாக நான் பார்த்ததேயில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலாளி சக்கரத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "ஊர்ல எல்லாரும் மெஷினுக்குப் பொட்டுதான் வைப்பாங்க மாமா. நீங்க சந்தனக்காப்பே சாத்திட்டீங்க" என்று சொல்லி, சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "கூடத்தானே வெட்டியிருக்கு? ஓரத்தைச் சீவினா சரியாப்போச்சு. குறைஞ்சிருந்தாத்தான் ஒட்ட முடியாது. பிடிங்க டேப்பை. இனிமே நீங்க சரின்னு சொல்லாம என் பட்டறையிலேருந்து தகடு போகாது."

சக்கரத்தைக் கழுவித் துடைத்து ஒரு தகடு வெட்டினார்கள். மாமா அளந்தார். மறுபடி அளந்தார். "சரி" என்றார். சனிக்கிழமை லாரி கிளம்பியது. முதலாளி டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்.

அடுத்த ஆயுத பூஜையில் எல்லாவற்றுக்கும் பொட்டு விழுந்தது. சக்கரத்துக்கு மட்டும் மாமா தூர நின்று கற்பூரம் காட்டி, "உனக்கு மனசுல வச்சுட்டேன்" என்றார்.

நான் வேலை மாறிப் போனபோது மாமா தன் டேப்பை என் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார். மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இன்றும் ஆயுத பூஜையன்று அந்த டேப்பை எடுத்து வைக்கிறேன். அதன் டப்பாவுக்கு மேலே ஒரு பொட்டு வைப்பேன். பிறகு டேப்பின் எண் போட்ட நாக்கை ஒரு சாண் வெளியே இழுத்துப் பார்த்து, அதற்கு மட்டும் மனதில் வைத்துவிட்டு, உள்ளே விடுவேன்.