பாலைவனத்துக்கு வந்த விருந்தாளிகள்

தாம்பரத்தில் இருந்துகொண்டே எகிப்துப் பாலைவனத்தில் குடித்தனம் நடத்திய ஒரே ஆசாமி எங்கள் ‘பாலைவனம்’தான். எண்பதுகளில், மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் எதிர் அறைக்காரர். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். ஆதிகாலத்தில் பாலைவனத்துக்குப் போய்விட்ட கிறிஸ்தவத் துறவிகளின் கதைப் புத்தகம் ஒன்று அவரிடம் திருத்த வந்தது. பிழைகள் வெளியே வந்தன. மனுஷன் உள்ளே போய்விட்டார்.

அந்தத் துறவிகள் குகையில் உட்கார்ந்து கூடை முடைந்தார்களாம். இவரும் அறையில் ஆரம்பித்தார். முதல் கூடையை எலிப்பொறி என்று நினைத்த லாட்ஜ் ஓனர், உள்ளே தேங்காய்ச்சில் வைத்துவிட்டுப் போனார்.

அதுவரை சிரிப்புதான். ஊரில் மனைவி இறந்து, அடக்கம் முடித்துத் திரும்பியவர், அந்தத் துறவிகளைப் போலப் புதன், வெள்ளி என்று இருந்துவந்த உபவாசத்தை எல்லா நாளுக்கும் நீட்டிவிட்டார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஆள் போய்விடுவாரோ என்று எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அவருடைய புத்தகத்தை இரவல் வாங்கிப் புரட்டினேன். உபவாசத்தில் இருந்தாலும், விருந்தாளி வந்துவிட்டால் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்தத் துறவிகளின் வழக்கமாம். என் ரூம்மேட் மணி, திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுபவன், இதைக் கேட்டதும் பரோட்டாப் பொட்டலத்தோடு போய்க் கதவைத் தட்டினான்.

“ணா, கதவத் தொற. விருந்தாளி வந்துகீறேன்.”

“காலையிலதானே பாத்ரூமுக்கு எங்கூட சண்டை போட்ட?”

“அது எதிர் ரூம்காரன் ணா. இப்ப வந்துகீறது கெஸ்ட்டு.”

“எனக்கு வேணாம், மணி.”

“அப்ப உன் சாமியாருங்க செஞ்சதெல்லாம் இன்னா, டூப்பா?”

பாலைவனம் கதவைத் திறந்து பாயை விரித்தார். மறுநாளிலிருந்து லாட்ஜே முறை போட்டுக்கொண்டு விருந்தாளியானது. உலகத்திலேயே அதிகக் கூட்டம் கூடிய துறவி அறை அதுதான்.

சில வருஷங்கள் இப்படியே ஓட்டினோம். அப்புறம் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். இட்லி வாங்கிக்கொண்டு நானும் மணியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தண்ணீர்கூட இறங்கவில்லை அவருக்கு. குரலும் காற்றாகத்தான் வந்தது.

“பொட்டலத்தைப் பிரிங்கப்பா. பார்க்க வந்தவங்க பட்டினியாப் போகக்கூடாது.”

“பசிக்கல ணா,” என்றேன்.

“இத்தனை வருஷமா நான் மட்டும் பசிச்சா சாப்பிட்டேன்?”

மணி அழுதுகொண்டே பிட்டுப் பிட்டு வாயில் போட்டான். நானும் சாப்பிட்டேன். கடைசி இட்லி வரைக்கும் அவர் கண்ணை மூடவில்லை. நான் சாப்பிடுவதை அவ்வளவு பிரியமாக அதற்கப்புறம் யாரும் பார்த்ததில்லை.