பன்னிரண்டாம் எண் வீட்டில் ஒரு குறையும் இல்லை

சாவியைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றும்போதுதான் முக்காலுக்கு உறைத்தது. அங்கே ஆணி இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னது?

திரும்பிப் பார்த்தார். ஆணி இருந்தது. சரியாக அவர் தோள் உயரத்தில், நுனி லேசாக மேலே வளைந்து. சாவி அதில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குள் அவர் முதன்முறையாகக் கால் வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

முக்கால் என்பது கால்பந்து மைதானம் வைத்த பெயர். மற்ற ஸ்ட்ரைக்கர்கள் முழு ஆள் என்றால் இவர் முக்கால் ஆள், அவ்வளவு குள்ளம். பதினெட்டு வருஷத்தில் பதினான்கு கிளப். எங்கேயும் நட்சத்திரம் இல்லை, எங்கேயும் தண்டமும் இல்லை. ஒருவனுக்குக் கால் உடைந்தால் இவரைக் கூப்பிடுவார்கள். அந்தக் கால் கூடியதும் இவரை அனுப்பிவிடுவார்கள். வண்டி ஏறும் முன்பே ரத்தான ஒப்பந்தங்களும் உண்டு. அவற்றையெல்லாம் அவர் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

முன்பெல்லாம் மனைவி முதலில் போய்விடுவாள். பழைய கிளப்பின் கடைசி ஆட்டத்தை முடித்துக்கொண்டு இவர் போய்ச் சேருவதற்குள் புது வீடு தயாராக இருக்கும். கதவுக்குப் பின்னால் ஆணி அடிப்பதுதான் அவளுடைய முதல் வேலை. "பந்தை எங்க போடணும்னு தெரியுது, சாவியை எங்க போடணும்னு தெரியல" என்பாள்.

அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த ஊருக்கு அவர் தனியாகத்தான் வந்திருந்தார்.

"ஆணி எல்லா வீட்டுலயும்தான் இருக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு முகம் கழுவப் போனார். கண்ணாடியில் அவர் முகம் முழுதாகத் தெரிந்தது.

அதுதான் அவரை நடுங்க வைத்தது. வாடகை வீட்டுக் கண்ணாடிகளில் அவருக்குத் தெரிவது நெற்றி மட்டும். மோவாயைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். இங்கே யாரோ கண்ணாடியை இறக்கி மாட்டியிருந்தார்கள். பழைய துளைகள் மேலே இரண்டு வெறும் கண்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தன.

படுக்கையறைக்குப் போனார். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு மரக்கட்டைகள் செருகியிருந்தன. இரண்டு முறை அறுவை செய்த இடது முழங்காலை உயர்த்தி வைத்துப் படுக்காவிட்டால் காலையில் அவருக்கு வீங்கிவிடும். சமையலறையில், கூரையை ஒட்டி ஒரு சின்னப் பலகை. அவ்வளவு உயரத்தில் யாரும் எதையும் வைக்க மாட்டார்கள். புருஷன் கைக்கு எட்டாமல் பிஸ்கட்டை ஒளித்து வைக்கிறவளைத் தவிர.

பின்பக்க பால்கனியில் துணி உலர்த்தும் கயிறு. அதன் முடிச்சை அவர் தொட்டுப் பார்த்தார். இரண்டு சுற்று, உள்ளே ஒரு மடிப்பு, இடது கைக்காரி போட்டது. பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவர் ஒருமுறைகூட அவிழ்க்க முடியாத முடிச்சு.

மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி, இரும்புச் சாமான் கடை வைத்திருந்தான்.

"மச்சான், உங்க அக்கா இங்க இருக்கா."

மறுமுனையில் கல்லாப்பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

"மாமா, உயிரோட இருந்தப்பவே உங்க பின்னாடி ஊர் ஊரா மூட்டை தூக்கி அவளுக்கு அலுத்துப்போச்சு. இப்பவாவது நிம்மதியா இருப்பாளா, இல்ல இன்னொரு கிளப்புக்கு வருவாளா?"

"முடிச்சு அவ போட்டதுடா."

"போதும் மாமா. முப்பத்தாறு வயசாச்சு. கடையில உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன். கொஞ்சம் உயரமான ஸ்டூலாவே போட்டிருக்கேன்."

அந்த ஸ்டூல்தான் முக்காலின் பயம். இது ஒரு மாத ஒப்பந்தம். அடுத்த சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ஆட்டம். அதில் ஏதாவது செய்து காட்டினால் சீசன் முழுக்க ஆடலாம்; இல்லாவிட்டால் மச்சான் கடையில் கீல் எடுத்துக் கொடுக்கலாம். இந்த நேரத்தில் பேய் பயம் வேறு கட்டுப்படியாகாது. எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று தீர்மானித்தார்.

முதலில் ஆணியைப் பிடுங்கினார். மறுநாள் காலை சாவியைக் காணோம். முக்கால் மணி நேரம் தேடியதில் அது பூட்ஸுக்குள் இருந்தது, பூட்ஸ் அவர் காலில் இருந்தது. பயிற்சிக்குத் தாமதமாகப் போய், அணி ஓடி முடித்த பத்துச் சுற்றையும் தனியாக ஓடினார்.

கண்ணாடியைப் பழைய துளைகளுக்கே ஏற்றினார். குத்துமதிப்பாக மழித்ததில் மோவாயில் வெட்டு, பிளாஸ்திரியோடு போனார். கட்டில் கட்டைகளை உருவினார். முழங்கால் பலூனாகிவிட்டது. கடைசியாகக் கயிறு. முடிச்சு அவிழவில்லை; கத்தியால் அறுத்தார். அதில் பயிற்சி உடைகள் தொங்கிக்கொண்டிருந்ததை அறுத்த பிறகுதான் கவனித்தார். கீழ்வீட்டுக்காரர் தலையிலிருந்து அவற்றைத் திரும்ப வாங்கி வர வேண்டியிருந்தது.

வேறு வழியில்லாமல், வீட்டைக் கொடுத்த கிளப் மேனேஜரிடம் போய் நின்றார்.

"எனக்கு வேற வீடு குடுங்க சார்."

"ஏன்? தண்ணி வரலையா?"

"வருது."

"சத்தமா?"

"சத்தமே இல்ல."

"அப்புறம் என்னதான் குறை?"

"குறைன்னு ஒண்ணுமே இல்ல சார். அதான் பயமா இருக்கு."

மேனேஜர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிளாஸ்திரி, ஈர ஜெர்சி, வீங்கிய முழங்கால். டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்தார். "பந்தைத் தலையால முட்டி முட்டி ஆடினவரா நீங்க?"

"என் தலை வரைக்கும் பந்து இறங்கி வந்ததே இல்ல டாக்டர்."

"சம்சாரம் என்ன சொல்றாங்க?"

"இதுவரைக்கும் பேசல. ஆணி மட்டும்தான் அடிச்சிருக்கா."

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுக் காகிதத்தில் நிறைய எழுதினார். சாயங்காலத்துக்குள் விஷயம் உடை மாற்றும் அறைக்கு வந்துவிட்டது.

"முக்கால் அண்ணே," என்றான் கோல்கீப்பர், "சனிக்கிழமை பெனால்டி வந்தா எந்தப் பக்கம் பாயணும்னு அண்ணிகிட்டக் கேட்டுச் சொல்லுங்களேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "மனசு ஒரு இடத்துல நிக்காத ஆளை நான் மைதானத்துல இறக்க மாட்டேன்" என்றார்.

முக்கால் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் விழுந்தது. ஆணி இருந்த இடத்தில் சின்ன ஓட்டை. வீடு அமைதியாக இருந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த அமைதி அது. அவர் பேசக்கூடாததைப் பேசிவிட்ட நாட்களில் அவள் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாளே, அந்த அமைதி.

"சரி, தப்புதான்" என்றார் உரக்க.

சுத்தியலை எடுத்தார். அதே ஓட்டையில் அதே ஆணி. கண்ணாடியை இறக்கினார். கட்டைகளைச் செருகினார். கயிற்றை மட்டும் அவரால் சரிசெய்ய முடியவில்லை. தன் கை முடிச்சைப் போட்டார், அது பத்து நிமிஷத்தில் நழுவியது. மறுபடி போட்டுவிட்டு, "இதுக்கு மேல எனக்கு வராது" என்று பால்கனியில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

அன்றிலிருந்து முழங்கால் வற்றத் தொடங்கியது. சாவி தொலையவில்லை. பயிற்சி முடிந்து கதவைத் திறந்ததும், "வந்துட்டேன்" என்று சொல்லப் பழகினார். பதில் வராது. ஆனால் கேட்காதது போலவும் இருக்காது. பயம் எப்போது விட்டதென்று அவருக்கே தெரியவில்லை. ஒருநாள் கடையில் பிஸ்கட் வாங்கினார். ஸ்டூல் போட்டு ஏறி, தன் கைக்கு எட்டாத அந்தப் பலகையில் தானே வைத்துவிட்டு இறங்கினார்.

சனிக்கிழமை எண்பதாவது நிமிஷம் வரை பெஞ்சில் இருந்தார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். இறக்கக்கூடிய இன்னொரு ஸ்ட்ரைக்கருக்குத் தசை பிடித்துக்கொண்டது. பயிற்சியாளர் வானத்தைப் பார்த்தார், பிறகு முக்காலைப் பார்த்தார். "போங்க. தனியா போங்க, கூட யாரையும் கூட்டிட்டுப் போக வேண்டாம்."

எண்பத்தெட்டாவது நிமிஷம் ஒரு கார்னர். எல்லாத் தலைகளும் எழும்பின, எல்லாத் தலைகளையும் பந்து தாண்டியது, கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எழும்பாமல் தரையிலேயே நின்றிருந்தது ஒரே ஒருவர். பந்து அவருடைய இடது முழங்காலில் மோதி வலைக்குள் உருண்டது. அழகான கோல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்றுக்கு ஒன்று.

"திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார் மேனேஜர். "சீசன் முழுக்க. வீடு மாத்தணும்னீங்களே, மாத்திக் குடுத்துடறேன்."

"வேண்டாம் சார். எங்களுக்கு அதே வீடு போதும்."

மேனேஜர் அந்த 'எங்களுக்கு' என்பதைக் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டார்.

ஞாயிறு காலை வாசல் மணி அடித்தது. வாளியும் துடைப்பமுமாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் நின்றிருந்தாள். கிளப் வீடுகளைச் சுத்தம் செய்கிறவள். மகளுக்குப் பிரசவம் என்று ஒரு மாதம் விடுப்பில் போய்விட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. கேட்காமலே உள்ளே நுழைந்தாள்.

கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். குளியலறைக்குப் போய்க் கண்ணாடி விளிம்பைத் தொட்டாள். குனிந்து கட்டில் கட்டைகளை எண்ணினாள். சமையலறையில் அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். முக்கால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.

"அக்கா," என்றார் தணிந்த குரலில், "உங்களுக்கும் தெரியுதா?"

"தெரியாம என்ன?"

"நான் எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன். எல்லாரும் என்னைப் பைத்தியம்னாங்க. அவ இங்கதான் இருக்கா, இல்லையா?"

அவள் அதற்குள் பால்கனிக் கதவைத் திறந்திருந்தாள். நழுவித் தொங்கிய கயிற்றைக் கையில் எடுத்தாள். அறுந்த நுனியைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஒன்பது வருஷம் முன்னாடி உங்க வீட்டுக்காரி பத்தொன்பது நாள் இந்த வீட்டுல தனியா இருந்து இதையெல்லாம் அடிச்சு மாட்டி, நீங்க வேற ஊருக்குப் போயிட்டீங்கன்னு போன் வந்ததும், 'என்னைக்காவது வருவார், எதையும் கழட்ட விடாதீங்கக்கா'ன்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போச்சு, அன்னையிலேர்ந்து குடிவந்தவன், வெள்ளையடிக்க வந்தவன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சண்டை போட்டு நான் காப்பாத்தி வெச்சா, வந்ததும் வராததுமா கத்தியைப் போட்டு அறுத்திருக்கீங்களே தம்பி!"