நாற்பது கைநாட்டும் ஓர் அணு உலையும்

அணுசக்திக் கொள்கையால் கரண்ட் கிடைக்காமல் போன தோட்டத் தொழிலாளர் லயம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான். காரணம், ‘பெட்டிசம்’ மாமா.

இலங்கை மலைநாட்டில், பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குப் பெட்டிசம், அதாவது மனு, வேண்டுமானாலும் அவர்தான் எழுதுவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். மூளைதான் பேப்பர்காரர்கள் கையில். தொண்ணூறுகளின் நடுவில் மழை பொய்த்து நாடெங்கும் கரண்ட் வெட்டு. அணுமின் நிலையம் கட்டலாமா என்று பத்திரிகைகளில் ஒரே சண்டை. திங்கட்கிழமை ஆபத்து என்று படித்தால், மாமா குழாயடியில் நின்று எதிர்ப்பார். வியாழக்கிழமை அதுதான் விமோசனம் என்று படித்தால் ஆதரிப்பார். குடத்தோடு நிற்கும் பெண்கள் இரண்டுக்கும் "ஆமாங்க மாமா" என்பார்கள். எங்கள் லயத்திலோ வெட்டுவதற்குக்கூடக் கரண்ட் இல்லை! பிள்ளைகள் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புப் புகையில் பரீட்சைக்குப் படித்தார்கள்.

அந்தக் கரண்டுக்குத்தான் அவரை மனு எழுதச் சொன்னோம். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற நாற்பது குடும்பமும் வாசிக்காமலே கைநாட்டு வைத்தது. தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான நானும் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். வெட்கக்கேடு!

பதிலே வரவில்லை. பதுளை மின்சாரக் கந்தோருக்குப் போனேன். அந்த அலுவலகத்தில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் எங்கள் மனுவை என்னிடம் நீட்டினார்.

"என்ன மாஸ்டர், உங்களுக்குக் கரண்ட் வேணுமோ, வேண்டாமோ?"

முதல் பக்கத்தில் கரண்ட் கேட்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில், ‘அணுவில் பிறக்கும் மின்சாரமாயின் ஒரு பல்பும் ஏற்கோம்’ என்று முழங்கியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

தோட்டத்துக்குத் திரும்பி வந்த வேகத்தில் மாமாவிடம் கத்தினேன். "ஏன் மாமா, புள்ளைங்களுக்குக் கண்ணு கெட்டுப்போகுது. ஒங்களுக்கு அணு கேக்குதா?"

மாமா அசரவில்லை. "தம்பி, கரண்ட் மட்டும் கேட்டா பிச்சக்காரன்னு நெனப்பான். கருத்தும் சொன்னாத்தான் இந்த நாட்டுக்காரன்னு நெனப்பான்."

நூறு வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் எங்களை இந்தியாக்காரர் என்றே பார்த்த நாட்டில், அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனாலும் புது மனுவை நானே எழுதினேன், ஒரே பக்கத்தில். அவரைப் பேனாவைத் தொட விடவில்லை.

கரண்ட் வர இன்னும் இரண்டு வருடமானது. பல்பு எரிந்த முதல் சாயங்காலம் லயமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மாமா மட்டும் அதன் கீழே பேப்பரை விரித்து, "அணு உலை வேணாங்கிறானே, மடப்பய!" என்று கத்திக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லை.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சொல்லுங்க மாமா, நாம என்ன எழுதலாம்?"