குறைய மறுத்த பேட்டரி

பதினோரு போன்கள் செருகியிருந்தன. பேட்டரிப் பெட்டியின் சின்னத் திரையில் தொண்ணூற்றாறு என்றிருந்தது. பச்சைத் தேநீர் ஒரு கெண்டி காலியாகி, இரண்டாவதும் பாதியான பிறகு சையத்முராத் எழுந்து போய்ப் பார்த்தார். தொண்ணூற்றைந்து.

அந்த ஒன்று பல்பு தின்றது, சரி. பதினோரு போன்கள் தின்றது எங்கே?

விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அசையவில்லை.

பஞ்சக்கென்ட் மலைப்பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். டீசல் முள் பாதியில் நிற்கிறதென்று நம்பி, பனிக்கணவாயில் பயணிகளோடு மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டு.

"என்னண்ணே, அதையே வெறிச்சுப் பாக்கறீங்க? பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றான் பக்கத்து வீட்டு ஹிக்மத்துல்லோ.

"குறைய மாட்டேங்குதுடா."

"குறையலேன்னா நல்லதுதானே? உக்காருங்க, சூப் ஆறுது."

சூப் ஹிக்மத்துல்லோ வீட்டிலிருந்து வந்தது. போன் கொண்டுவருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. "ஏத்துறதுக்குக் கூலியாடா?" என்று ஆரம்பத்தில் கோபித்துப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் மனைவி ஓய்சுலுவ் இறந்த பிறகு, அந்த வீட்டில் சாயங்காலம் என்பது நீண்ட, சத்தமில்லாத ஒரு பொருளாக இருந்தது. ரஷ்யாவில் வேலை பார்க்கும் மகன் சோலார் தகடும் இந்தப் பெட்டியும் அனுப்பினான். ஊரில் குளிர்காலம் முழுக்கக் காலையில் மட்டும்தான் கரண்ட் எட்டிப் பார்க்கும். "அது தண்ணி மோட்டாருக்கே சரியாப் போகுதண்ணே, போனுக்கு எங்க?" என்று முதல் நாள் ஹிக்மத்துல்லோ வந்தான். மறுநாள் தெருவே வந்தது. வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம். சாப்பிட்டு முடித்துக் கையேந்தும்போது, மகனுக்கும் தெருவுக்கும் வேண்டிக்கொண்ட பிறகு, பெட்டியைச் செய்த முகம் தெரியாத சீனாக்காரருக்கும் தவறாமல் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வார்.

அந்தப் பெட்டி படுத்துவிட்டால்? இருட்டு வீட்டுக்கு யார் வருவார்கள்? அதுதான் அவர் பயம்.

நகரத்து மெக்கானிக் பர்வீஸுக்குப் போன் போட்டார்.

"தம்பி, முள்ளு ஒட்டிக்கிச்சு."

"அதுல முள்ளே கிடையாதுண்ணே."

"சரி, நம்பர் ஒட்டிக்கிச்சு."

"லித்தியம் அப்படித்தான். உள்ள போறதையும் வெளிய வர்றதையும் எண்ணி எண்ணித்தான் நம்பர் போடும். எண்ணிக்கை தப்பிருச்சுன்னா, கடைசிவரைக்கும் சிரிச்ச மூஞ்சியா இருந்துட்டு திடீர்னு படுத்துரும். ஒருதடவை அணைச்சுப் போட்டுப் பாருங்க."

அணைத்துப் போட்டார். நாற்பத்தொன்று காட்டியது.

"அய்யய்யோ, பாதிக்கு மேல எங்கடா போச்சு?"

"குளிருண்ணே," என்றான் ஹிக்மத்துல்லோ. "குளிருல எனக்கே கணக்கு வராது. போத்தி விடுங்க."

விருந்தாளிக்கென்று ஓய்சுலுவ் தைத்து வைத்திருந்த பட்டு மெத்தை விரிப்பை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்தினார். கொஞ்ச நேரத்தில் பெட்டி பசித்த குழந்தையாக வீறிட்டது. உள்ளிருக்கும் காற்றாடிக்கு மூச்சு முட்டிவிட்டதாம். விரிப்பை உருவியதும் எழுபத்துமூன்று காட்டியது. வெளியே வெயிலே இல்லை.

"உங்க மெத்தையைத் தின்னு சார்ஜ் ஏத்திக்கிச்சுண்ணே!"

சையத்முராத் சிரிக்கவில்லை. மறுபடி பர்வீஸ்.

"ஒரே வழிதான். ஒட்ட ஒட்டக் காலி பண்ணுங்க. அப்புறம் முழுசா ஏத்துங்க. புதுசா எண்ண ஆரம்பிச்சிரும்."

மறுநாள் தெருவே கூடிக் காலி பண்ணியது. ஒருத்தி இஸ்திரிப் பெட்டியோடு வந்து தெருவில் உள்ள சட்டைகளையெல்லாம் தேய்த்தாள். இன்னொருத்தி கறி அரைக்கும் மெஷினைத் தூக்கிவந்தாள். ஹிக்மத்துல்லோவின் புது மருமகள் ஷாஹ்னோசா ஒரு கூடைத் துணியோடு வந்து, குனிந்து மூன்று முறை வணங்கி, இஸ்திரிக்கு வரிசையில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி ஒரு மாதம். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காத காலம். அவள் குரலைத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

திரை ஐம்பதுக்கு வந்தது. நாற்பது. முப்பத்தேழு காட்டிக்கொண்டே, ஒரு கிளிக் சத்தத்தோடு பெட்டி செத்தது. பாதிச் சட்டை தேய்த்தபடி நின்றது.

"முப்பத்தேழுன்னு சொல்லிட்டே செத்துருச்சு!" என்று கத்தினார். "பொய்! இவ்வளவு நாளும் பொய்!"

"இப்ப ஏத்துங்கண்ணே," என்றான் ஹிக்மத்துல்லோ.

கூரையைப் பார்த்தார். அந்தப் பெட்டி வெயிலை மட்டுமே தின்னும். வானம் சாம்பலாகி, பனி கொட்டத் தொடங்கியிருந்தது. ஏணி வைத்து ஏறி, துடைப்பத்தால் தகட்டைப் பெருக்கினார். பெருக்கப் பெருக்க விழுந்தது. இறங்கும்போது தோள்கள் தொங்கிப்போயிருந்தன.

சாயங்காலம் வந்தது. மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்தி வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்தார். யாரும் வரமாட்டார்கள் என்றிருந்தவருக்கு, வாசலில் பனியை உதறும் காலணிச் சத்தம் கேட்டது. சூப் வந்தது. சம்சா வந்தது. வழக்கம்போல எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். போன்களைச் செத்த பெட்டியின் பக்கத்தில் அடுக்கினார்கள்.

அவருக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்து நின்றார்.

"கரண்ட் இல்லப்பா. பெட்டி எப்ப எந்திரிக்கும்னு தெரியல. மன்னிச்சுக்குங்க. எடுத்துட்டுப் போய் வேற எங்கயாவது ஏத்திக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. ஹிக்மத்துல்லோ ரொட்டியை வேகமாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

"போங்கப்பா. பனி ஜாஸ்தியாகுது. இந்தப் பெட்டி பொய் சொல்லிச்சு, அதை நம்பி உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

கதவோரம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஷாஹ்னோசா கெண்டியைக் கீழே வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். மாமனார் வேண்டாமென்று தலையாட்டியதை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல் இருந்தாள்.

"நீங்க அணைச்சுப் போடற வரைக்கும் அது பொய் சொல்லல பெரியப்பா, நாங்கதான் காலைக் கரண்ட்லயே போனை முழுசா ஏத்திட்டு, தினமும் உங்க வீட்டுக்கு வர்றோம்."