முதல் பெஞ்சில் வராதவள்

ஒரு காட்டில் எந்தக் குட்டிக்கும் படிப்பை மறுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. நல்ல சட்டம். பள்ளிக்கூட வாசலில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, மழையில் அழியாதிருக்க மேலே வார்னிஷும் அடித்திருந்தார்கள். அதை நம்பித்தான் அங்கம்மா என்கிற முயல் தன் மகள் தும்பையை அங்கே சேர்த்தாள்.

தும்பைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் காது மட்டும் முழ நீளம். அதைச் சொல்லிச் சிரிக்காத பிராணி அந்தக் காட்டில் கிடையாது. தாயும் மகளும் வீட்டில் ஏதோ நாலைந்து ஜாடைகளை வைத்துக் காலத்தை ஓட்டினார்கள். பசி, தூக்கம், பருந்து வருது, ஓடு. அதற்கு மேல் மகளிடம் சொல்ல ஆயிரம் இருந்தும் சொல்லத் தெரியவில்லையே என்பதுதான் அங்கம்மாவின் ஏக்கம். வியாழக்கிழமைதோறும் சைகை மொழி சொல்லித்தர ஒரு கொக்கு டீச்சர் பள்ளிக்கு வருவார் என்று கேள்விப்பட்டதும், அவள் துள்ளிய துள்ளலில் வளையின் வாசலே பாதி இடிந்து விழுந்தது.

பள்ளியின் தலைமையாசிரியர் ஒரு மயில். காலையில் பெயர்களை வாசிப்பார். "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால் வந்த கணக்கு. வராவிட்டால் வராத கணக்கு. தும்பை முதல் பெஞ்சில், அவர் அலகுக்கு நேராகத்தான் உட்கார்ந்திருப்பாள். அவர் கூப்பிடுவது அவளுக்குக் கேட்காது. மயிலார் அவள் முகத்தைப் பார்த்தபடியே "வரவில்லை" என்று குறித்துக்கொள்வார்.

வியாழக்கிழமை கொக்கு டீச்சர் வந்து விசாரிப்பார். "காது கேளாத பிள்ளை யாராவது இருக்காங்களா சார்?"

"ஒண்ணு இருக்கு டீச்சர். ஆனா ஒரு நாளும் வர்றதில்லை."

கொக்கு டீச்சர் கடமை தவறாதவர். பள்ளிக்கு வராத பிள்ளைக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லித்தர வேண்டும் என்று இன்னொரு சட்டமும் இருந்தது. அதன்படி முயல் வளைக்குப் போய் வாசலில் ஒற்றைக்காலில் நிற்பார். தும்பை பள்ளியில் இருப்பாள், அங்கம்மா மேயப் போயிருப்பாள். "வீட்டிலும் இல்லை" என்று எழுதிக்கொண்டு பறந்துவிடுவார்.

பரீட்சை நெருங்கும்போது சேதி வந்தது. நீண்ட நாள் வராததால் தும்பையின் பெயரை நீக்கப் போகிறார்களாம். அங்கம்மா விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

"ஐயா, அவ தினமும் வர்றாளே! இதோ, உங்க முன்னாடிதானே உட்கார்ந்திருக்கா!"

"உட்கார்ந்திருக்கா. நான் இல்லேன்னு சொல்லலையே," என்றார் மயிலார். "ஆனா வரலையேம்மா."

"காது கேக்காத பிள்ளை எப்படிங்க பதில் சொல்லும்?"

"அதுக்குத்தான் கொக்கு டீச்சரைப் போட்டிருக்கோம். முதல்ல பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைங்க."

இவ்வளவு பெரிய தோகையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவருக்கு இந்தச் சின்ன விஷயம் புரியவில்லையே என்று அங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதைப் பார்த்துப் பாவப்பட்டது, தும்பைக்குப் பக்கத்தில் உட்காரும் அணில்.

"விடுங்க அத்தை. அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிடறேன்."

மறுநாள் தும்பையின் பெயர் வந்ததும் அணில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து "உள்ளேன் ஐயா!" என்று ஒரு போடு போட்டது. மயிலார் நிமிர்ந்து பார்த்தார். தும்பை வந்துவிட்டாள்!

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மயிலாருக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு இப்பக் காது நல்லாக் கேக்குது. கூப்பிட்டா கணீர்னு பதில் சொல்லுது" என்று கொக்கு டீச்சரைத் திருப்பி அனுப்பினார். காது கேளாமையை ஒழித்துக்கட்டிய பள்ளி என்று சிங்கராஜாவுக்கு அறிக்கையும் அனுப்பினார். உடனே விருது அறிவித்தார்கள்.

விழாவுக்கு அங்கம்மாவும் மகளோடு போனாள். தாரை தப்பட்டை முழங்க, மயிலார் மேடையிலேயே தோகையை விரித்து ஆட ஆரம்பித்துவிட்டார். செயலாளர் சிறுத்தை அவர் பெயரைக் கூப்பிட்டது. தொண்டை வறளக் கூப்பிட்டது. மயிலார் காதில் மேளத்தைத் தவிர எதுவும் விழவில்லை. சிறுத்தை "வரவில்லை" என்று குறித்துக்கொண்டது.

மேளம் ஓய்ந்த பிறகுதான் மயிலாருக்கு விஷயம் தெரிந்தது. "நான் இங்கேதானே நிக்கறேன்! உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"நிக்கறீங்க சார். பதில் வரலையே."

கூட்டத்திலிருந்து அங்கம்மா கத்தினாள். "என் பிள்ளையும் இப்படித்தாங்க உட்கார்ந்திருந்தா!"

"அது வேற, இது வேற," என்றார் மயிலார்.

சிறுத்தை சட்டத்தைப் புரட்டிப் பார்த்தது. கூப்பிட்டுப் பதில் சொல்லாதவர் ஒன்று வராதவர், இல்லையென்றால் காது கேளாதவர். வராதவருக்கு விருது கிடையாது. காது கேளாதவருக்கு விருதும் உண்டு, கொக்கு டீச்சரும் உண்டு.

"இதில் நீங்க எது சார்?" என்று மெல்லிய குரலில் கேட்டது சிறுத்தை.

"எனக்குக் காது கேக்காதுங்க," என்றார் மயிலார், உடனே.

அப்படியாக, வியாழக்கிழமைதோறும் தலைமையாசிரியர் அறையில் சைகை வகுப்பு நடக்க ஆரம்பித்தது. தும்பை தன் வகுப்பை விட்டு நழுவி வந்து அந்த அறையின் ஜன்னலோரம் நிற்பாள். காலையிலேயே வகுப்பில் அணில் அவளுக்காகக் குரல் கொடுத்துவிட்டிருக்கும். முதல் பெஞ்சில் இருந்தவரை வராதவள், வெளியே நிற்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் தவறாமல் வந்தவள் ஆனாள். கொக்கு டீச்சர் அவளைப் பார்த்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பாடம் நடத்தினார். மாணவரான மயிலார் தூங்கிக்கொண்டிருந்ததால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அங்கம்மா மேய்ந்துவிட்டு வந்து வழக்கம்போல வளைக்குள் எட்டிப் பார்த்தாள். தும்பை தன் கையை நெஞ்சில் வைத்தாள். பிறகு தரையைத் தொட்டுக் காட்டினாள். அங்கம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. தும்பை பொறுமையாக இன்னொரு தடவை செய்தாள்.

உள்ளேன் அம்மா.

அங்கம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் என்னவெல்லாம் தெரியும் என்று கேட்கத் தெரியாமல், சும்மா அவள் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நீதி: உங்கள் பிள்ளைக்குச் சேர வேண்டிய உதவி கட்டாயம் வரும், அது தலைமையாசிரியருக்குப் போய்ச் சேரும்போது நல்ல ஜன்னலாகப் பார்த்து இடம் பிடித்து வையுங்கள்.